தேங்காய் நின்ற கால்

உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கோடியில வேண்டாம், காக்கா எச்சம் கெடக்குது. இக்கட்ட வாங்க. சித்த நேரத்துல வெயில் அங்கதான் திரும்பும். இந்த வேப்பமரத்து நெழல் எப்ப எங்க இருக்கும்னு எனக்கு மனப்பாடம். பையனைப் படுக்க வெச்சுக்கங்க. தலைய என் பை மேல வெக்கலாம், துணிதான். ஒரு தண்ணிப் பாட்டில் இருக்குது, இருங்க, அதை எடுத்துடறேன்.

மூஞ்சி ஊதியிருக்குதுங்களே. கண்ணு தொறக்கவே முடியலை பாருங்க. நெஃப்ராட்டிக்குங்களா? அதானே. பாத்ததுமே சொல்லீட்டேன் பாத்தீங்களா. கிட்னி வழியாப் புரதம் ஒழுகுது, ஒடம்புல தண்ணி கோத்துக்குது. ஒண்ணுக்குப் போனா நொரை நொரையா வரும், சோப்புத் தண்ணியாட்ட. பயப்படாதீங்க. கொழந்தைகளுக்கு வர்றதுதான், மாத்திரையில கேக்கும். எத்தனை வயசு? ஆறுங்களா. எங்க அம்மிணிக்கு அஞ்சு.

பேரு ரித்திக்ஷா. என் தங்கச்சி மக. அந்தப் பேரு எனக்கு வாயில நுழையறதில்லை, நான் அம்மிணின்னுதான் கூப்படறது. டாக்டரைப் பாக்க உள்ள போயிருக்குது, அவங்கம்மா கூட. நான் ஏன் போகலைன்னா, ஒரு கொழந்தைக்கு ஒரு ஆளுதான் உள்ள உடுவாங்க. ஆமாங்க, இப்ப ஒரு கொழந்தையோட அப்பனும் அம்மாளும் சேந்துதான் உள்ள போனாங்க, நானும் பாத்தேன். அவங்க ஆராச்சும் தெரிஞ்சவங்களா இருப்பாங்க.

உங்க ஊட்டுக்காரம்மா டோக்கனுக்கு நிக்கறாங்களா? நிக்கட்டும். அந்த வரிசை மெதுவாத்தான் நகரும்.

எனக்குக் காங்கயத்துக்கு அக்கட்டங்க. நீரோட்டம் பாக்கற நாச்சிமுத்துன்னு கேட்டா எங்க பக்கம் சொல்லுவாங்க. நீங்க கேள்விப்பட்டதில்லையா? நீங்க எந்தூரு? ஓ, அந்தப் பக்கம் ஆத்துப் பாசனம், உங்களுக்கு நான் எதுக்கு. எங்க ஊர்ல போர் போடறதுக்கு முன்னால என்னையத்தான் கூப்புடுவாங்க. உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள நடப்பேன். கீழ தண்ணி ஓடுச்சுன்னா தேங்கா தானா எந்திரிச்சு நிக்கும். அந்த எடத்துல போட்டாத் தண்ணி. வராத எடமும் இருக்குது, இல்லைங்கலை. அதெல்லாம் போர்க்காரன் ஆழம் பத்தாம நிறுத்துனது. இன்னும் கொஞ்சம் எறக்கியிருந்தா வந்திருக்கும். நான் காட்டுனதுல தப்பு கெடையாது.

நான் சொல்ல வந்தது அதில்லீங்க. என் தங்கச்சி கோகிலவாணி என்கூடப் பேசறதில்லை. போன சித்திரையில நிறுத்துனவ. அடுத்த தெருவுலதான் குடியிருக்கறா. இன்னைக்கும் ஒரே பஸ்சுலதான் வந்தோம், அவ முன்னால, நான் பின்னால. அம்மிணி திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நான் கையை ஆட்டுனேன். அதுவும் ஆட்டறதுக்குக் கையைத் தூக்குச்சு, அதுக்குள்ள அவங்கம்மா ஜன்னலுக்கு வெளிய என்னத்தையோ காட்டித் திருப்பிட்டா. வெளிய ஒண்ணுமே இல்லைங்க, நானும் எட்டிப் பாத்தேன். நீங்க வெளியாளு. கேட்டுப்போட்டு ஒரு நாயம் சொல்லுங்க.

பையன் காலை அமுக்கி உட்டுக்கிட்டே இருக்கறீங்க, நோவுதுங்களா? பஸ்ஸ்டாண்டுலருந்து நடந்து வந்ததா இருக்கும். சரி, கேளுங்க.

எனக்குக் கண்ணாலம் ஆகலைங்க. ஜாதகம் அப்படி. அப்பனும் ஆத்தாளும் போயிச் சேந்தாச்சு. இருக்கறது ஒரு தங்கச்சி, அவளுக்கு இந்த ஒரு கொழந்தை. மாப்பிள்ளை லாரி ஓட்டறாரு, குஜராத்து பஞ்சாப்புன்னு போனா வர மாசமாகும். கோகிலா திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போறா. அப்பக் கொழந்தையப் பாத்துக்கறது ஆரு? நான்தான். காத்தால கம்பெனி வண்டி வர்றதுக்கு முன்னால தூக்கியாந்து என் ஊட்டுல உட்டுட்டுப் போவா. பொழுதோட வந்து கூட்டிக்கிட்டுப் போவா. அதுக்குச் சோறூட்டி, தலை சீவி, சடை போட்டு உடறது நான். ரெட்டைச் சடை. கோணையாத்தான் வரும், அதுக்கு ஒரு கொறையும் சொன்னதில்லை கொழந்தை.

மொதல்ல மூஞ்சி ஊதுனப்பப் பூச்சி கடிச்சிருக்கும்னு நெனைச்சோம். அப்பறம் இங்க வந்து, என்ன சீக்குன்னு தெரிஞ்சுது. மாத்திரை குடுத்தாங்க, வத்திருச்சு. சளி புடிச்சா மறுக்கா ஊதும், மறுக்கா மாத்திரை. இதுல காதுகுத்து தள்ளித் தள்ளிப் போச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்தோணும்? நான் நல்ல நாளாப் பாத்துட்டு வருவேன், அன்னைக்குன்னு பாத்து மூஞ்சி ஊதிக்கும். அம்மிணி என்னைய வந்து கேக்கும், "மாமா, உன்ற மடி நோவாதில்ல?" அப்படின்னு. காது நோவறதைப் பத்தி அதுக்கு வெசனமில்லை.

சித்திரையில வந்ததுதான் பெருசு. கண்ணு, வயிறு, காலு, எல்லாம் ஊதிப் போச்சு. டாக்டர் பாத்துட்டு, உப்பைக் கொறைங்க, தண்ணி இந்த டம்ளர் கணக்குக்குக் குடுங்க, நீர் போறதுக்கு ஒரு மாத்திரை தாறேன், நான் சொல்ற வரைக்கும்தான், அப்பறம் நிறுத்திரோணும்னாராம். படுக்கையிலயே போட்டு வெக்காதீங்க, அது பாட்டுக்கு வெளையாடட்டும்னாராம். கோகிலா வந்து எல்லாத்தையும் என்கிட்ட ஒப்பிச்சா. நான் "செரி, செரி"ன்னு கேட்டுக்கிட்டேன்.

கேட்டுக்கிட்டேனே தவிர, எனக்கு ஒரு ரோசனை. நெறைஞ்சு நிக்கற கெணத்துல எவனாவது தண்ணி ஊத்துவானுங்களா? ஒடம்பு பூராத் தண்ணி நிக்குது, அதுக்கு மேல டம்ளர் டம்ளரா ஊத்தறதாம். டாக்டருக்கு மருந்து தெரியும், அதை நான் மறுக்கலை. தண்ணி எனக்குத் தெரியாதா?

டம்ளரைப் பாதியாக்குனேன். அப்பறம் அந்தப் பாதியும் எதுக்குன்னு தோணுச்சு. நெருஞ்சிமுள்ளுக் கசாயம் ரெண்டு வாய் குடுத்தேன், அது தண்ணியில்லை, மருந்து. நீர் போற மாத்திரை அட்டையில மிச்சம் இருந்துச்சு. டாக்டர் நிறுத்தச் சொன்னதுதான். நல்ல மாத்திரைய வீணாக்குவாங்களா? குடுத்தேன். கட்டிலை உட்டு எறங்க உடலை. சீக்காளிக் கொழந்தை அலையலாமா? செல்போனைக் கையில குடுத்துப் படுக்க வெச்சுட்டேன். வெயில் காலத்துலதான் எனக்குத் தொழிலே, ரெண்டு பேரு தோட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. போகலைங்க. கொழந்தைய உட்டுட்டு எப்படிப் போறது? வேற எந்த மாமன் செய்வான் சொல்லுங்க.

வத்திருச்சு. மூஞ்சி பழைய மூஞ்சியாயிருச்சு, கண்ணு ரெண்டும் முழுசாத் தெரிஞ்சுது. கோகிலா வந்து பாத்துட்டு என்ன சொன்னாத் தெரியுங்களா? "அண்ணா, உன்ற கைராசி" அப்படின்னா. அவ வாயாலதான் சொன்னா. இப்பக் கேட்டுப் பாருங்க, சொல்ல மாட்டா.

கொழந்தை தண்ணி கேட்டுச்சு. கேக்கத்தான் செய்யும். சித்திரை வெயில், சிமெண்டு அட்டை ஊடு. "மாமா, ஒரு வாய் மாமா"ங்கும். ஈரத்துணியில ஒதட்டைத் தொடைச்சு உடுவேன். ஒருக்கா நான் வெளிய போயிட்டு வர்றதுக்குள்ள, சாமி படத்துக்கு முன்னால இருந்த சொம்புத் தண்ணியக் குடிச்சுப்போட்டா. நான் திட்டலைங்க. சாமி தண்ணி, ஒண்ணும் பண்ணாது. சொம்பை மட்டும் எடுத்து அட்டாலி மேல வெச்சுட்டேன்.

அப்பறந்தான் கால் நோவுதுன்னா. எடது காலு. படுத்தே கெடந்தா மரத்துத்தானே போகும்னு உட்டுட்டேன். மறுநா பாத்தா, தொடையிலருந்து கணுக்கால் வரைக்கும் அந்த ஒரு காலு மட்டும் ஊதிக் கெடக்குது. மத்தது குச்சியாட்ட இருக்குது. தொட்டாச் சூடு. தோலு பளபளன்னு, லேசா ஊதா நெறம் பாஞ்ச மாதிரி.

எனக்கு நெம்ப சந்தோசமாப் போச்சுங்க. ஏன்னு கேளுங்க. ஒடம்புத் தண்ணி பூரா எறங்கி எறங்கி, கடைசீல அந்த ஒத்தைக் கால்ல வந்து நின்னிருக்குது. அதையும் வெரட்டிப்போட்டா முடிஞ்சுது, அம்மிணிக்கு ஆயுசுக்கும் சீக்கில்லை. இருந்தாலும் ஒருக்கா உறுதி பண்ணிக்கலாம்னு தேங்காய எடுத்தேன். உள்ளங்கையில படுக்க வெச்சு, அவ காலுக்கு மேல மெதுவா நகத்திக்கிட்டே வந்தேன். தொடைக்குப் பக்கத்துல வந்ததும் எந்திரிச்சு நின்னுச்சு. சும்மா சொல்லலைங்க, நட்டமா நின்னுச்சு. அம்மிணி அத்தனை நோவுலயும் அதைப் பாத்துச் சிரிச்சா. தேங்கா நின்னா நான் என்னங்க பண்றது?

நல்லெண்ணெயக் காச்சித் தேச்சேன். தொடையப் புடிச்சு நல்லா அழுத்தித் தேச்சேன். கத்துனா. நோவாம நீர் எறங்குமுங்களா?

அன்னைக்குக் கம்பெனியில கரண்ட் இல்லைன்னு கோகிலா மத்தியானமே வந்துட்டா. வாசல்ல நின்னு பாத்தா. அந்தக் காலைப் பாத்தா, இந்தக் காலைப் பாத்தா. என் கையைத் தட்டி உட்டுட்டு, எண்ணெக் காலோட கொழந்தையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனா. பால் வண்டி ஒண்ணு வந்துச்சு, அதை மறிச்சு ஏறுனா. நானும் பின்னாடி கேனுகளோட ஏறிக்கிட்டேன். என்னைய எறங்குன்னு சொல்லலை, அதுக்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

இங்க வந்தா ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு. ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, தொடையில ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் கட்டி அடைச்சிருக்குதுன்னாங்க. இந்தச் சீக்குல புரதம் ஒழுகறப்ப, ரத்தம் கட்டாமப் பாத்துக்கற சத்தும் கூடவே ஒழுகிருமாம். அதனால இப்படி ஆகறதுண்டாம். கேட்டீங்களா? சீக்குனால. டாக்டர் வாயால வந்தது. இதைக் கோகிலாகிட்டச் சொல்லச் சொல்லி ஊர்ல எத்தனையோ பேரைத் தாட்டி உட்டேன். அந்தம்மா இன்னொண்ணும் சொன்னாங்க, தண்ணி கொறைஞ்சா ரத்தம் கெட்டிப்படும், படுத்தே கெடந்தாலும் கட்டும்னு. அது பொதுவாச் சொல்றதுங்க. எல்லாருக்கும் சொல்லுவாங்க.

அப்பறம், "காலை ஆராச்சும் தேச்சு உட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. கோகிலா என்னையப் பாத்தா. நான் சொவுத்தைப் பாத்தேன். "இல்லீங்க"ன்னேன். கால்ல எண்ணெ வடியுது. அந்தம்மா எண்ணெயப் பாத்துக்கிட்டே நின்னாங்க. கேள்வி கேக்கறதுக்கும் ஒரு மொறை இருக்குதுங்க. தேச்சா அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிரும்னு மொதல்ல சொல்லோணும், அப்பறம் கேக்கோணும். சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்.

சித்த நேரத்துல கொழந்தைக்கு மூச்சு வாங்குச்சு. ஒதடு நீலம் பாஞ்சுது. தூக்கிக்கிட்டு ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. எங்க ஆத்தாளுக்குக் கொள்ளி வெக்கறப்பக்கூட நான் சாமியக் கூப்பிட்டதில்லைங்க. அன்னைக்குக் கூப்பிட்டேன். அம்மிணி போயிட்டான்னே நெனைச்சேன். இந்தா, இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். உங்களுக்கு நெழல் கணக்குச் சொன்னனே, அது அப்பப் படிச்சதுதான்.

அப்ப கோகிலா வெளிய வந்து பக்கத்துல உக்காந்தா. கடைசியா என்கிட்டப் பேசுனது அப்பத்தான். "அண்ணா, அவ தண்ணி கேட்டாளா?"ன்னா. நான் "கேட்டா"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் பேச்சில்லை. கேட்டதுக்குப் பதில் சொன்னேன், ஒரு பொய் சொல்லலை, அதுக்கு இப்படியா? நல்லதுக்குக் காலமில்லீங்க.

கொழந்தை பொழைச்சுக்கிச்சு. தெய்வம் இருக்குது. ரொம்ப நாளைக்குத் தொடையில ஊசி போட்டாங்க, இப்ப ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு மாத்திரை. அந்த மாத்திரை தின்னா ரத்தம் சரியான பதத்துல இருக்குதான்னு அடிக்கடி சோதிச்சுப் பாக்கோணும், இன்னைக்கு வந்ததே அதுக்குத்தான். கீரை எச்சாத் தின்னா மாத்திரை வேலை செய்யாதாம். அது தெரியாம நான் முருங்கைக்கீரை பறிச்சுக் குடுத்தனுப்பிச்சேன். கட்டுப் பிரிக்காமத் திரும்பி வந்துருச்சு. காதுகுத்தும் மாத்திரை நின்னதுக்கப்பறந்தான், இல்லைன்னா ரத்தம் நிக்காதாம். நிக்கட்டும், மடி எங்கயும் போயிறாது. என்ன, எங்க பெரியப்பன் மகன் மடியில உக்கார வெக்கலாம்னு ஒரு பேச்சு அடிபடுது. அதைக் கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கலைங்க. அவன் அந்தக் கொழந்தைக்கு ஒரு நா சடை போட்டிருப்பானா?

தொழிலுங்களா? இப்பப் போறதில்லைங்க. தேங்கா வெலை ஏறிப்போச்சு. அன்னைக்கு ஒருத்தரு கார்ல வந்தாரு, தேங்காயும் அவரே கொண்டாந்தாரு. எனக்கு முதுகு நோவுன்னு சொல்லிப்போட்டேன்.

இந்தப் பாட்டிலா? காச்சி ஆற வெச்ச தண்ணிங்க. அவங்க இங்க வர்றப்பெல்லாம் கொண்டாறேன், வழியில அம்மிணி கேட்டாக் குடுக்கலாமேன்னு. கேக்கறதில்லை, அவங்கம்மாவே வெச்சிருக்கறா. திரும்பிப் போறப்ப இந்த மரத்துக்கு ஊத்திட்டுப் போயிருவேன். மரம் தழைச்சிருக்குது பாருங்க.

என்ன சொன்னீங்க?

நேத்துலருந்து வாந்தியா? தண்ணி கூட உள்ள நிக்கலையா? ஒண்ணுக்குப் போச்சுங்களா? காத்தாலருந்து போகலை. ம். ஏனுங்க, நானும் பாத்துக்கிட்டே இருக்கறேன், வந்ததுலருந்து நீங்க அந்த ஒரே காலைத்தான் அமுக்கறீங்க. அது மட்டுந்தான் நோவுதா?

கையை எடுங்க. தேய்க்காதீங்க. எடுங்கன்னேன்.

டவுசரைச் சித்த மேல தூக்குங்க. ரெண்டு காலும் தெரியட்டும். நான் தொடலைங்க, தொட மாட்டேன், பாக்கத்தான் பாக்கறேன்.

செரி. எந்திரிங்க. பயப்பட நேரமில்லை, எந்திரிங்க. டோக்கன் கெடக்குது, உங்க ஊட்டுக்காரம்மாளை நான் போயிக் கூட்டியாறேன். நடக்க உடாதீங்க, தூக்கிக்கங்க. நான் தூக்கறது வேண்டாம், நீங்களே தூக்குங்க. ஒரு கையை முதுகுக்குக் குடுங்க, அந்தக் கால் மேல கை படாமப் பாத்துக்கங்க. அப்படித்தான்.

அந்தப் பச்சைக் கதவு தெரியுதுங்களா? உள்ள போனீங்கன்னா கூட்டத்துல ஆரு டாக்டர்னு உங்களுக்குத் தெரியாது. மாம்பழக் கலர் சேலையில ஒருத்தி உக்காந்திருப்பா, மடியில ரெட்டைச் சடை போட்ட கொழந்தை. நேரா அவகிட்டப் போயிக் காலைக் காட்டுங்க. ஒத்தைக் காலு ஊதியிருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல அவ பாத்துக்குவா. அவ ஒரு சத்தம் போட்டா டாக்டருங்க தானா ஓடி வருவாங்க, நான் பாத்திருக்கறேன்.

காலைத் தேச்சீங்களான்னு கேப்பாங்க. தேச்சேன்னு சொல்லீருங்க. கேட்ட ஒடனே சொல்லீருங்க. சொவுத்தைப் பாக்காதீங்க.

இந்தாங்க, பாட்டிலை வெச்சுக்கங்க. டாக்டரைக் கேட்டுப்போட்டுக் குடுங்க. கேக்காமக் குடுக்காதீங்க.

நான் உள்ள வரலைங்க. ஆரு அனுப்பிச்சதுன்னு அவ கேட்டா, வெளிய ஒரு ஆளுன்னு சொல்லுங்க. நான்னு சொல்லீறாதீங்க. சொன்னா நம்ப மாட்டா. போங்க.